உதடு தாங்காத எச்சில்

வரவேற்பறைச் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, பளபளப்பாகக் காய்ந்துபோன ஒரு கோடு. மின்விசிறியின் இறக்கையில் இன்னொன்று. செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப், நியூஃபவுண்ட்லாந்து, பிளட்ஹவுண்ட் போன்ற நாய்கள் வளர்கிற வீடுகளுக்கு இது பழகிப்போன காட்சி. விருந்தாளிக்குத்தான் புரியாது: நாலு காலில் நிற்கிற பிராணியின் எச்சில் அவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

தலையை உதறியதில் போனது. நாயும் மற்ற பாலூட்டிகளும் உடம்பை உதறுவதை அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் டேவிட் ஹூவின் குழு அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, 2012-இல் ஆய்வாக வெளியிட்டது. உடல் சிறுக்கச் சிறுக்க உதறும் வேகம் கூடுகிறது. சுண்டெலி நொடிக்கு 30 முறை அளவில் உதறுகிறது; லேப்ரடார் நாய்க்கு நொடிக்கு நான்கைந்து முறை போதும். உதறலின் வீச்சைக் கூட்டுவது தளர்ந்த தோல். முதுகெலும்பு ஒரு பக்கமாக 30 பாகை திரும்பினால், அதன் மேலுள்ள தோல் 90 பாகை வரை சுழன்றுவிடும். தொங்கும் உதட்டிலும் இதுதான் நடக்கிறது. தலை ஒரு பக்கம் போய்த் திரும்பத் தொடங்கிய பிறகும் உதடு போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். அதன் நுனியில் திரண்டு நிற்கும் எச்சில் நீண்டு, மெலிந்து, அறுந்து பறக்கும். வெறும் தண்ணீராக இருந்தால் துளித்துளியாகச் சிதறியிருக்கும். உமிழ்நீரில் மியூசின் என்ற புரதம் இருக்கிறது. உடலெங்கும் சர்க்கரைச் சங்கிலிகளைச் சுமந்த நீளமான மூலக்கூறு அது. எச்சிலுக்கு இழுவை கொடுப்பது அதுதான். அதனால் சரமாகப் பறந்து சுவரில் அப்பிக்கொள்கிறது.

இத்தகைய நாய்களுக்கு எச்சில் மற்ற நாய்களைவிட அதிகமாகச் சுரக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கால்நடை மருத்துவர் முதலில் பார்ப்பது சுரப்பியை அல்ல, உதட்டை. எல்லா நாய்க்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் நான்கு ஜோடி. காதடியில் ஒன்று, தாடை மூலையில் ஒன்று, நாக்குக்குக் கீழே ஒன்று, கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பின் மறைவில் ஒன்று. இந்தக் கடைசி ஜோடி மனிதருக்குக் கிடையாது. எட்டுச் சுரப்பிகளிலும் ஊறுவதை நாய் தன்னை அறியாமல் விழுங்கிக்கொண்டே இருக்கும். விழுங்கும்வரை அது வாய்க்குள் நின்றாக வேண்டும். அங்கேதான் சிக்கல்.

ஒரு மாஸ்டிஃபின் கடைவாயை அருகில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மேலுதடு தாடைக் கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று விரற்கடை கீழே தொங்குகிறது. கீழுதடு கோரைப்பல் வரை ஒழுங்காக ஒட்டி வந்து, கடைவாயை நெருங்கும்போது வெளிப்பக்கமாகப் பிதுங்கிவிடுகிறது; உள்தோலின் இளஞ்சிவப்பு வெளியே தெரிகிறது. பிதுங்கிய இடத்தில் ஒரு குழிவு. எச்சில் முதலில் அதில்தான் சேரும். நிறைந்ததும், ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியே மறுகால் பாய்வதைப் போல, உதட்டின் தாழ்ந்த விளிம்பில் வழிய ஆரம்பிக்கும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் வாய் நேர் எதிர். நீண்டு குறுகிய முகம், பல்லோடு ஒட்டிய உதடு, பிதுங்கல் இல்லை, குழிவு இல்லை. சுரப்பிகள் அதே எட்டுத்தான். அந்த நாய் படுத்து எழுந்த இடம் காய்ந்தே கிடக்கும்.

தொங்கும் உதட்டை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்தார்கள். செயின்ட் பெர்னார்டின் கதை அதற்கு நல்ல சாட்சி. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, ஆல்ப்ஸ் மலையில் 2,469 மீட்டர் உயரத்தில், கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் துறவிகள் நடத்திய விடுதி இருக்கிறது. பனியில் சிக்கிய பயணிகளைத் தேட அங்கே நாய்கள் வளர்ந்தன. அவற்றில் பேர் பெற்றது 1800-இல் பிறந்து 1814-இல் இறந்த பாரி. நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் அந்த நாயின் உடல் பதப்படுத்தப்பட்டு, பெர்ன் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. (கழுத்தில் தொங்கும் பிராந்திப் பீப்பாய் எட்வின் லேண்ட்சியர் 1820-இல் தீட்டிய ஓவியத்திலிருந்து ஊர் முழுக்கப் பரவிய அடையாளம்.) பாரி இன்றைய செயின்ட் பெர்னார்டைவிடச் சிறிய உடல் கொண்டது, தலையும் தட்டையானது. 1923-இல் பதப்படுத்திய உடலைப் புதுப்பித்தபோது, அக்காலத்துச் செயின்ட் பெர்னார்டைப் போலத் தெரிய வேண்டும் என்று தலையின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். செத்து நூறு ஆண்டு கடந்த நாய்கூட இனத்தின் புதிய இலக்கணத்துக்கு ஒத்துப்போக வேண்டியிருந்தது.

அந்த இலக்கணம் எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பதை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அபி டிரேக், கிறிஸ்டியன் கிளிங்கன்பெர்க் இருவரும் 2008-இல் அளந்து காட்டினார்கள். சுமார் 120 ஆண்டுக் காலத்தைச் சேர்ந்த 47 செயின்ட் பெர்னார்ட் மண்டையோடுகளை ஒப்பிட்டதில், காலம் செல்லச் செல்ல மண்டை அகன்றும், கண்ணுக்கு மேலுள்ள மேடு புடைத்தும், மூக்குப் பகுதி சரிந்தும் வந்திருப்பது தெரிந்தது. மாறிய திசை முழுக்க, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட இனவரையறை விரும்பிய திசை. அருங்காட்சியகத்தில் எலும்புதான் மிஞ்சும், உதடு மிஞ்சாது. என்றாலும் கண்காட்சி நடுவர்கள் பெரிய சதுரத் தலையையும் கனத்த உதட்டையும் ஒரே மூட்டையாகத்தான் விரும்பினார்கள். வீட்டுத் தரையில் சொட்டுவது அந்த ரசனையின் விளைவு. பிளட்ஹவுண்டின் தொங்கும் உதடும் காதும் மோப்பத்தைத் திரட்டிக் கொடுக்கின்றன என்று ஒரு விளக்கம் சொல்வதுண்டு. அழகான விளக்கம்தான்; நம்பிக்கை என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

சொட்டுவதெல்லாம் எச்சிலும் அல்ல. ஒரு பங்கு, தண்ணீர்ப் பாத்திரத்திலிருந்து வருகிறது. நாய்க்கு நம்மைப் போலக் கன்னம் மூடிய வாய் இல்லை. வாயோரம் பின்னால் வரை பிளந்திருப்பதால் உறிஞ்சிக் குடிக்க முடியாது. நாக்கைப் பின்பக்கமாக மடித்துத் தண்ணீரில் அடித்து, விருட்டென்று மேலே இழுக்கிறது. நாக்கோடு ஒட்டிக்கொண்டு ஒரு நீர்த்தூண் எழும்புகிறது. அது சரிந்து விழுவதற்குள் சரியான கணத்தில் வாயை மூடிக் கடித்துக்கொள்கிறது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வித்தையைப் படம்பிடித்து அளந்திருக்கிறார்கள். மடித்த நாக்கின் குழியில் தண்ணீர் நிரம்பி வருவதைப் பார்த்தால் நாய் அதைக் கரண்டியாகப் பயன்படுத்துகிறது என்று தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி வெளியேதான் கொட்டுகிறது. சிறிய நாய் குடித்தால் பாத்திரத்தைச் சுற்றி நாலு துளி. உதடு தொங்கும் நாய் குடித்தால் இரண்டு பக்க உதட்டுப் பையிலும் தண்ணீர் தங்கிவிடும். அது நேராக வந்து, உட்கார்ந்திருப்பவர் மடியில் தலையை வைக்கும்.

இந்த வகை நாயை வளர்ப்பவர்கள் தண்ணீர்ப் பாத்திரத்தை வீட்டு நடுவில் வைப்பதில்லை. வாசற்பக்கமோ, வடிகால் உள்ள முற்றமோ, துணி துவைக்கிற இடமோதான் அதற்கு இடம். பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு துண்டு. குடித்து முடித்துத் தலையைத் தூக்கியதும் ஓர் ஒற்று. பழகிய நாய் தானாகவே வந்து முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்.

சாப்பாட்டு நேரத்து எச்சில் தனி அத்தியாயம். அதை ஒருவர் அளந்து அளந்தே உலகப் புகழ் பெற்றார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இவான் பாவ்லோவ், சிறிய அறுவை செய்து நாயின் உமிழ்நீர்க் குழாயின் வாயைக் கன்னத்துக்கு வெளியே கொண்டுவந்து தைத்தார். எச்சில் வாய்க்குள் போகாமல் கன்னத்தில் கட்டிய கண்ணாடிக் குழலில் சொட்டும்; ஒவ்வொரு சொட்டையும் எண்ணலாம். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு வந்தது. மணியடித்ததும் நாய் எச்சில் ஊறிய கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு கண்டுபிடிப்புதான் நாய் வளர்ப்பவருக்கு உதவும்: வாயில் என்ன விழுகிறது என்பதைப் பார்த்து எச்சில் மாறுகிறது. ஈரமான இறைச்சிக்குக் கொஞ்சம். அதையே காயவைத்துப் பொடித்துக் கொடுத்தால் ஏராளம். கூழாங்கல்லைப் போட்டால் அநேகமாக ஒன்றுமே இல்லை. நாக்கால் தள்ளித் துப்பிவிடலாமே. அதே கல்லை மணலாக்கிப் போட்டால் நீர்த்த எச்சில் பெருகுகிறது, வாயைக் கழுவ வேண்டுமல்லவா. உணவுக்கு ஊறுவது கொழகொழப்பாக, வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும்படி இருக்கும்.

உலர் உணவைத் தண்ணீரில் நனைத்து வைத்தால் எச்சில் குறையும் என்று நாய் வளர்ப்பவர்கள் கைப்பழக்கத்தில் சொல்வதற்குப் பாவ்லோவின் கூடத்தில் எப்போதோ கணக்கு எழுதியாகிவிட்டது. தட்டுச் சத்தம் கேட்டதும், அலமாரிக் கதவு திறந்ததும் தரையில் குளம் கட்டுவதற்கும் அங்கேதான் விளக்கம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து அவ்வப்போது ஒரு துண்டு போடுகிற குடும்பம், தானும் ஒரு பாவ்லோவ் சோதனையைத்தான் நடத்துகிறது, கண்ணாடிக் குழல் இல்லாமல். போடுவதை நிறுத்தினால் அந்தப் பழக்கமும் மெல்ல மங்கும். வீட்டில் ஒரு பாட்டி இருந்தால் அது நடக்காது.

எச்சிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான். மிச்சத்தில் மியூசின், உப்புகள், கிருமியை எதிர்க்கும் லைசோசைம் போன்ற நொதிகள். மனிதர் எச்சிலில் மாவுப் பொருளைச் சிதைக்கும் அமிலேஸ் நொதி தாராளம். சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிப்பது அதனால். நாயின் எச்சிலில் அது இல்லை என்றே சொல்லலாம். மனிதரோடு சேர்ந்து மாவுணவு தின்னப் பழகியபோது நாய் இனம் மாற்றிக்கொண்டது கணையத்தை. ஓநாய்க்கு இரண்டே பிரதி உள்ள கணைய அமிலேஸ் மரபணு நாய்களில் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதை ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகக் குழு 2013-இல் கண்டது. மெல்லாமல் விழுங்குகிற பிராணிக்கு வாயில் தேவைப்படுவது வழுக்கல் மட்டும்.

நாயின் எச்சில் மனிதருடையதைவிடக் காரத்தன்மை கொண்டது. அதனால் பல்லில் சொத்தை அபூர்வம். ஆனால் எச்சிலின் கால்சியம் படிந்து பல்லில் காரை ஏறுவது சீக்கிரம் நடக்கும். சுவரில் காய்ந்த கோடும் இதே சரக்குத்தான்: தண்ணீர் போய்விட்டால் மிஞ்சுவது புரதப் படலமும் உப்பும். எனவே ஈரமாக இருக்கும்போதே துடைப்பது பாதி வேலையை மிச்சப்படுத்தும். காய்ந்துவிட்டால் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் ஒட்டிவைத்து ஊறவிட வேண்டும். கொதிநீர் ஊற்றினால் புரதம் இறுகி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நீர்த்த வினிகர் உப்புப் படிவை இளக்கும். பளிங்குத் தரையில் மட்டும் அதைத் தொடக் கூடாது, அமிலம் பட்டால் மெருகு போய்விடும்.

வெள்ளை நாயின் வாயோரமும் முன்னங்காலும் செம்பழுப்பாகக் கறை ஏறுவதற்குக் காரணம் பார்ஃபிரின். ரத்தத்தின் சிவப்பணு சிதையும்போது உண்டாகும் இந்த நிறமி கண்ணீரிலும் எச்சிலிலும் வெளியேறும். கறையால் கெடுதல் இல்லை. கெடுதல் உதட்டு மடிப்புக்குள் இருக்கிறது. எந்நேரமும் ஈரமும் உணவுத் துகளும் தங்குகிற அந்த இடுக்கில் பாக்டீரியாவும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையும் குடியேறி, தோல் சிவந்து புண்ணாகும். "நாய் வாய் நாறுகிறது" என்று பல்லைத் தேய்த்துப் பார்த்து அலுத்தவர்கள் மடிப்பை விரித்துப் பார்த்தால் விடை அங்கே இருக்கும். தினமும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும்; இரண்டாவது ஒற்றலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்பப் புண்ணாகிற நாய்களுக்கு மடிப்பை வெட்டித் தைக்கும் அறுவையும் உண்டு.

நாய் எச்சில் சுத்தமா அசுத்தமா என்ற பழைய வழக்குக்கு இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. நாயின் எச்சில் ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் ஆகிய பாக்டீரியாக்களைக் கொல்வதை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் ஹார்ட் 1990-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தாய் நாய் குட்டியை நக்குவதற்கும் தன் புண்ணை நக்குவதற்கும் அதனால் பயன் இருக்கிறது. ஆனால் அதே வாயில் கேப்னோசைட்டோபேகா கேனிமோர்சஸ் என்ற பாக்டீரியாவும் நாய்க்கு ஒரு தொந்தரவும் தராமல் வாழ்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மண்ணீரல் அகற்றப்பட்டவருக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் அது உயிருக்கு ஆபத்தான ரத்த நோய்த்தொற்றைத் தரலாம். அவர்கள் வீட்டில் நாய் புண்ணை நக்கவிடுவது செல்லம் ஆகாது. நாய் ஒவ்வாமைக்கு முடிதான் காரணம் என்ற நம்பிக்கையும் அரைகுறை. முக்கியமான ஒவ்வாமைப் புரதமான கேன் எஃப் 1 எச்சிலில் இருக்கிறது. காய்ந்து தூளாகிக் காற்றில் கலக்கிறது.

எப்போதும் ஒழுகுகிற நாயிடம் உள்ள உண்மையான சங்கடம், நோய் வந்து ஒழுகினால் தெரியாமல் போவது. சிப்பிப்பாறை ஒழுகினால் வீடே பதறும். மாஸ்டிஃப் ஒழுகினால் யார் கவனிப்பார்கள்? கவனிக்க வேண்டியது மாற்றத்தை. ஒரு பக்கம் மட்டும் ஒழுகுவது, ரத்தம் கலப்பது, புதிதாக நாறுவது என்றால் பல்லிலோ ஈறிலோ கோளாறு, அல்லது எலும்போ குச்சியோ சிக்கியிருக்கும். காரில் ஏறியதும் பெருகினால் குமட்டல். மழைக்காலத்து இரவில் தோட்டத்திலிருந்து நுரை தள்ளிக்கொண்டு ஓடி வந்தால் தேரையைக் கவ்வியிருக்கக்கூடும். தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயைப் பக்கவாட்டில் அலம்பிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். வயலுக்குத் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து பட்ட நாய்க்கு எச்சிலோடு கண்ணீரும் மூத்திரமும் சேர்ந்து பெருகும். பெரிய, நெஞ்சு ஆழமான நாய் வாந்தி வராமல் ஓங்கரித்து, வயிறு உப்பி, எச்சில் வடித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்க அதில் இடமில்லை.

ரேபிஸும் இந்தப் பட்டியலில் வருகிறது. தொண்டைத் தசை செயலிழந்து விழுங்க முடியாமல் போவதால் நாய் எச்சில் வடிக்கிறது, கீழ்த்தாடை தொங்குகிறது. பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலவே இருக்கும். பலர் கையை விட்டுத் துழாவுவது அப்போதுதான். தடுப்பூசி போட்டதாக உறுதியில்லாத நாயிடம் அதைச் செய்யவே கூடாது. நல்ல தோலில் பட்ட நக்கலை உலகச் சுகாதார நிறுவனம் பொருட்படுத்துவதில்லை. கீறல் விழுந்த தோலிலோ கண், வாய் போன்ற சவ்விலோ எச்சில் பட்டால் அதை ஆழமான கடிக்குச் சமமாக, மூன்றாம் வகையாக வைக்கிறது. உடனே சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் போட்டுக்கொள்ள வேண்டிய வகை அது.

வெயில் இன்னொரு காரணம். நாய்க்கு உள்ளங்காலைத் தவிர வியர்வைக்கு வழியில்லை. மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்குக்குள்ளும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. அதற்கான நீரில் ஒரு பங்கு எச்சில், இன்னொரு பங்கு மூக்கினுள் உள்ள சுரப்பியிலிருந்து. காற்றில் ஈரப்பதம் நிறைந்த சென்னை மாதிரி ஊரில் ஆவியாதல் மந்தம். நாய் இரைத்துக்கொண்டே இருக்கும், எச்சில் ஆவியாகாமல் தரையில் சொட்டும். பனிமலைக்கென வளர்ந்த, அடர்முடி போர்த்திய செயின்ட் பெர்னார்டுக்கு இது சித்திரவதை. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்குள்ள தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத சில வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. செயின்ட் பெர்னார்டும் நியூஃபவுண்ட்லாந்தும் அதில் இருந்தன. ஜொள்ளுக்காகப் போட்ட தடை அல்ல. என்றாலும், இந்த நாய்கள் எந்த ஊர்க் குளிருக்காக வளர்க்கப்பட்டனவோ, அந்தக் குளிர் இங்கே இல்லை என்பது நியாயமான கவலை.

ஏற்கெனவே ஆசைப்பட்டு வாங்கத் துணிந்தவர்கள் குட்டியின் வாயைப் பார்த்து ஏமாறுவது வழக்கம். இரண்டு மாதக் குட்டிக்கு உதடு சிறியது, எச்சில் ஒழுகாது. தலை பெருத்து உதடு இறங்க இறங்கத்தான் துண்டுக்கு வேலை வரும். சில வளர்ப்பாளர்கள் தங்கள் குட்டிகள் உலர்ந்த வாய் வகை என்று சொல்லி விற்பார்கள். உதடு இறுக்கமான பரம்பரை இருக்கக்கூடியதுதான், பெரிய இனங்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. அந்தப் பேச்சை நம்புவதைவிடத் தாயையும் முடிந்தால் தகப்பனையும் வரவழைத்து, ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து, குடித்து முடித்ததும் கடைவாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கடைவாயில் கீழுதடு பல்லோடு ஒட்டி நிற்கிறதா, பிதுங்கி உள்தோல் தெரிகிறதா என்று குனிந்து பார்க்க அரை நிமிடம் போதும்.